தொண்டைக்கும் வயதாகிறது

ஜப்பானில் புத்தாண்டுச் சாப்பாட்டில் மோச்சி கட்டாயம் இருக்கும். ஒட்டும் அரிசியை வேகவைத்து, உரலில் இடித்துச் செய்யும் பண்டம் அது. மெல்ல மெல்ல இழுபடும், வாயில் நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். வருடக் கடைசி வந்துவிட்டால் டோக்கியோ தீயணைப்புத் துறை எச்சரிக்கை விடத் தொடங்கிவிடும்: சிறு துண்டாக நறுக்குங்கள், முதலில் ஒரு வாய் சூப் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொள்ளுங்கள், முதியவர் சாப்பிடும்போது பக்கத்தில் யாராவது இருங்கள். அப்படியும் மோச்சி தொண்டையில் அடைத்து ஆம்புலன்சில் போகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

மோச்சி அடைத்துச் செத்தால் செய்தியில் வரும். செய்தியில் வராமல் நடக்கும் சாவுகள் இதைவிடப் பல மடங்கு. உணவோ தண்ணீரோ எச்சிலோ வழிதவறி மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. கூடவே வாயிலுள்ள கிருமிகளும் இறங்கி நுரையீரலில் நிமோனியாவை உண்டாக்குகின்றன. மருத்துவர்கள் இதை ஆஸ்பிரேஷன் நிமோனியா என்கிறார்கள். ஜப்பான் அரசு 2017 முதல் இறப்புக் கணக்கில் இதை மற்ற நிமோனியாக்களிலிருந்து பிரித்துத் தனியாக எண்ணுகிறது. அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை வருடத்துக்கு 40,000-ஐத் தாண்டிவிட்டது. ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் 65 வயதைக் கடந்த நாடு அது. விழுங்குதல் பற்றிய ஆராய்ச்சியில் அந்த நாடு இவ்வளவு முனைப்புக் காட்டுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

நம் வீடுகளில் சாப்பிடும்போது தாத்தாவுக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். அடிக்கடி ஏறினால், "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். முதல் வாக்கியத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாவது வாக்கியம் ஆளைக் கொல்லக்கூடியது.

ஏன் என்று புரிய, ஒரு மடக்குத் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். வாய்க்குப் பின்னாலுள்ள தொண்டை, காற்றுக்கும் சோற்றுக்கும் பொதுவான பாதை. காற்று முன்பக்கமுள்ள குரல்வளை வழியாக மூச்சுக்குழாய்க்குப் போக வேண்டும். உணவு அதற்குப் பின்னாலுள்ள உணவுக்குழாய்க்குப் போக வேண்டும். தண்டவாளமும் சாலையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் ரயில்வே கேட் மாதிரி, ஒன்று போகும்போது மற்றது நின்றே ஆக வேண்டிய இடம் அது.

நாக்கு கவளத்தை அண்ணத்தோடு அழுத்திப் பின்னுக்குத் தள்ளுகிறது. அண்ணத்தின் மென்மையான பின்பகுதி எழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. நாவடி எலும்பும் அதோடு சேர்ந்து குரல்வளையும் மேலும் முன்னுமாக நகர்கின்றன. கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கிப் பாருங்கள், தொண்டைச் சங்கு ஏறி இறங்குவது தெரியும். அந்தக் கணத்தில் குரல் நாண்கள் இறுக மூடுகின்றன, குரல்வளை மூடி அவற்றின் மேல் கவிழ்கிறது, மூச்சு நிற்கிறது. மற்ற நேரமெல்லாம் இறுகச் சாத்தியிருக்கும் உணவுக்குழாயின் மேல்வாசல் தளர்ந்து திறக்க, கவளம் உள்ளே போகிறது. தொண்டையில் நடக்கும் இவ்வளவும் சுமார் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. 30-க்கு மேற்பட்ட தசைகளும் மூளையிலிருந்து நேராக வரும் ஐந்து ஜோடி நரம்புகளும் இதில் பங்கெடுக்கின்றன. எந்தத் தசை எப்போது இயங்க வேண்டும் என்ற வரிசையை முகுளத்திலுள்ள ஒரு மையம் பார்த்துக்கொள்கிறது.

விழுங்கி முடித்தபின் மூச்சு எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதும் முக்கியம். பெரும்பாலும் நாம் மூச்சை வெளியே விட்டபடிதான் மறுபடி சுவாசிக்கத் தொடங்குகிறோம். குரல்வளை வாசலில் ஒரு துளி தங்கியிருந்தாலும் வெளிவரும் காற்று அதை மேலே தள்ளிவிடும். எச்சிலையும் சேர்த்து ஒரு நாளில் நாம் பல நூறு முறை விழுங்குகிறோம். அத்தனை முறையும் இது நினைவின்றி நடக்கிறது.

இனி வயதுக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோஆன் ராபின்ஸ் குழுவினர் நாக்கின் பலத்தைக் கருவி வைத்து அளந்தார்கள். முடிந்த மட்டும் நாக்கால் அண்ணத்தை அழுத்தச் சொன்னால், முதியவர்களின் அழுத்தம் இளையவர்களுடையதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால் சாதாரணமாக விழுங்கும்போது நாக்கு தரும் அழுத்தத்தில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. யோசித்துப் பார்த்தால் இந்த விஷயத்தின் சாரமே இதில் இருக்கிறது. 25 வயதுக்காரருக்கு விழுங்கத் தேவையான பலத்துக்கு மேல் நிறைய மிச்சம் இருக்கிறது. 80 வயதில் தேவை அதேதான், மிச்சம்தான் கரைந்துபோயிருக்கிறது. ஒவ்வொரு கவளமும் அவருடைய முழு பலத்துக்கு அருகே போய்த் திரும்புகிறது.

கூடவே வேறு மாற்றங்களும் வருகின்றன. கழுத்தில் குரல்வளை சற்றுக் கீழிறங்கிவிடுவதால், மூடுவதற்கு அது ஏற வேண்டிய தூரம் கூடுகிறது. விழுங்கு என்ற கட்டளை பிறப்பதற்குச் சிறிது நேரம் பிடிக்கிறது. அதற்குள் தண்ணீர் நாக்கைத் தாண்டித் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. தொண்டையின் தொடு உணர்ச்சி மங்குவதால் ஓரத்தில் தங்கிய பருக்கை தெரிவதில்லை. விழுங்கியதும் மூச்சை உள்ளே இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. பல் போனால் மெல்லுவது அரைகுறை. இவை எல்லாம் சேர்ந்ததை மருத்துவத்தில் 'பிரெஸ்பிஃபேஜியா' என்கிறார்கள். இது நோயல்ல, நரைபோல வருவது. ஆரோக்கியமான 80 வயதுக்காரர் மெதுவாகச் சாப்பிடுவார், ஆனால் வேளாவேளைக்கு இருமிக்கொண்டிருக்க மாட்டார். ஒவ்வொரு சாப்பாட்டிலும் இருமினால் அது வயது அல்ல. வயதின் மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அந்த இன்னொன்று பக்கவாதமாக இருக்கலாம். பக்கவாதம் வந்த முதல் நாட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் கோளாறு இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் தானே சரியாகும். பார்க்கின்சன் நோயில் அது மெல்ல மெல்ல வரும், நோயாளிக்கே தெரியாமல். மறதிநோய் முற்றினால் வாயில் சோறு இருப்பதே மறந்துபோகும். கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு, பல ஆண்டுகள் கழித்தும்கூடத் தொண்டைத் தசைகளை விறைக்க வைக்கும். மருந்துகளும் உண்டு. வாயை உலர்த்தும் மாத்திரைகள், தூக்க மாத்திரைகள், மனநோய்க்கான சில மருந்துகள் எல்லாம் விழுங்குதலைக் கெடுக்கும். ஒரு முதியவரின் மருந்துப் பெட்டியில் இவற்றில் இரண்டு மூன்று இருப்பது சர்வசாதாரணம்.

இவை தெரிந்த காரணங்கள். சமீப காலம் வரை யாரும் பெரிதாகக் கவனிக்காத ஒன்றும் உண்டு. முதுமையில் தசை கரைவதற்கு 1989-இல் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். அப்போது எல்லோரும் தொடையையும் கெண்டைக்காலையும்தான் நினைத்தார்கள். நாக்கும் தொண்டையும் தசைகள்தாம், அவையும் கரையும் என்பது பிறகுதான் உறைத்தது. இடுப்பெலும்பு முறிந்தோ காய்ச்சலிலோ ஒரு பாட்டி மருத்துவமனையில் சேர்கிறார். பக்கவாதம் எதுவும் இல்லை. சில நாட்கள் வாய்வழியாக எதுவும் தராமல் நரம்பு வழியே திரவம் மட்டும் ஏற்றுகிறார்கள். படுத்தே கிடக்கிறார், எடை குறைகிறது. வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூட ஒழுங்காக இறங்கவில்லை. ஏற்கெனவே மிச்சமில்லாத பலம், அந்தப் படுக்கையில் தேவைக்கும் கீழே போய்விட்டது. ஜப்பானின் நான்கு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2019-இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டன. பத்திரமாக இருக்கட்டும் என்று வாயைக் கட்டிவைப்பது சில சமயம் நோயை விளைவிக்கிறது என்ற கசப்பான உண்மை இதில் இருக்கிறது.

இன்னொரு சங்கடம், இருமாமலேயே இறங்குவது. புரையேறினால் இருமல் வருவது உடம்பின் காவல். முதியவர்கள் சிலருக்கு, குறிப்பாகப் பக்கவாதத்துக்குப் பிறகு, அந்தக் காவல் தூங்கிவிடும். மூச்சுக்குழாயில் தண்ணீர் இறங்கும், முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. அத்தகையவர்களிடம் வேறு அடையாளங்களைத்தான் தேட வேண்டும்: சாப்பிட்டபின் குரல் ஈரமாக, கரகரவென்று கேட்பது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆவது, காரணம் தெரியாமல் வந்து வந்து போகும் காய்ச்சல், எடை குறைவது, காபி, தண்ணீரைத் தள்ளிவிடுவது. இருமாதவரே இருமுபவரைவிடக் கவலைக்குரியவர்.

இதற்கு நடுவே ஒரு விலகல், ஆனால் அவசியமானது. தொண்டையில் சிக்காமல், விழுங்கியபின் நெஞ்சுக்குள் நிற்பதுபோல் இருந்தால், அதுவும் முதலில் இட்லி, பிறகு குழைந்த சாதம், பிறகு கஞ்சி என்று ஏறிக்கொண்டே போனால், அது உணவுக்குழாய்ப் பிரச்சினை. புற்றுநோயாகவும் இருக்கலாம். நாள் கடத்தாமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும்.

தொண்டைக் கோளாறைக் கண்டுபிடிக்க எளிய முதல்படி, 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லிப் பார்ப்பது. இருமினாலோ குரல் மாறினாலோ மேற்கொண்டு சோதிக்க வேண்டும். இதை வீட்டில் நாமே செய்து பார்க்க வேண்டாம். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது. உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. பேரியம் கலந்த உணவைத் தந்து, அது இறங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பதிவு செய்வது ஒன்று. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெரி லோகமன் இதை ஒழுங்கான சோதனையாக வளர்த்தெடுத்தார். 1983-இல் அவர் எழுதிய நூலோடுதான் இந்தத் துறை துறையாக நின்றது எனலாம். இன்னொன்று, மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையை மேலிருந்து பார்ப்பது. இதைச் சூசன் லாங்மோர் 1988-இல் அறிமுகப்படுத்தினார். படுக்கைப் பக்கத்திலேயே செய்யலாம், கதிர்வீச்சு கிடையாது.

இரண்டுமே பேச்சு மொழி வல்லுநர்களின் கண்டுபிடிப்புகள் என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச்சு வராத குழந்தைகளுக்கானவர் என்றே நினைக்கிறோம். பேசுகிற உறுப்புகள்தாம் விழுங்குகிற உறுப்புகள். விழுங்குதல் கோளாறுக்கு மதிப்பீடும் பயிற்சியும் தருபவர் அவரே.

சிகிச்சையில் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, உணவை மாற்றுவது. தண்ணீர் வேகமாக ஓடும். மூடத் தாமதமாகும் குரல்வளைக்குள் நழுவும். அதைக் கெட்டியாக்கினால் மெதுவாக நகரும், தொண்டைக்கு நேரம் கிடைக்கும். பல நாடுகளில் இதற்கென மாவுகள் விற்கின்றன. எவ்வளவு கெட்டி என்பதில் ஆளுக்கொரு கணக்காக இருந்ததை ஒழுங்குபடுத்த, 2013-இல் தொடங்கிய ஒரு சர்வதேச முயற்சி பானங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை படிகளாக வகுத்தது. அளக்கும் முறை அழகானது. 10 மில்லி சிரிஞ்சில் பானத்தை நிரப்பி 10 நொடி ஒழுகவிட வேண்டும். மிச்சம் 1 முதல் 4 மில்லி என்றால் முதல் படி, 4 முதல் 8 வரை இரண்டாவது, 8-க்கு மேல் மூன்றாவது. எந்த ஆய்வகமும் வேண்டாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. லோகமனும் ராபின்ஸும் சேர்ந்து அமெரிக்காவில் நடத்திய பெரிய ஆய்வு இதைச் சோதித்தது. பார்க்கின்சன் அல்லது மறதிநோய் உள்ள 711 பேரை எக்ஸ்ரே வீடியோவில் பார்த்தார்கள். மோவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திச் சாதாரணப் பானத்தைக் குடித்தபோது 68 சதவீதம் பேருக்கு மூச்சுக்குழாயில் இறங்கியது. தேன் பதத்தில் கெட்டியாக்கியபோது 53 சதவீதம். கெட்டிதான் ஜெயித்தது. ஆனால் அடுத்து, அவர்களில் 515 பேரை மூன்று மாதம் தொடர்ந்து கவனித்ததன் முடிவு 2008-இல் வந்தது. நிமோனியா வந்தவர்கள், மோவாய் தாழ்த்தியவர்களில் 9.8 சதவீதம், கெட்டிப் பானம் குடித்தவர்களில் 11.6 சதவீதம். சொல்லிக்கொள்ளும் வித்தியாசமே இல்லை. மாறாக, உடலில் நீர் வற்றியது கெட்டிப் பானக்காரர்களில் 6 சதவீதம், மற்றவர்களில் 2 சதவீதம். காரணம் சுலபம்: அந்தக் கூழை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை. தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள்.

எக்ஸ்ரேயில் நல்லதாகத் தெரிவது வாழ்க்கையில் நல்லதாக இருக்க வேண்டியதில்லை என்று அன்று இந்தத் துறைக்கே தெரிந்தது. கெட்டிப் பானம் தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இருமுகிற எல்லா முதியவருக்கும் சட்டென்று எழுதித்தரும் மருந்தாக அது இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். இந்த இடத்தில் நம் சமையலறைக்கும் ஒரு குறிப்பு. கஞ்சி கெட்டியாக இருக்கிறதே என்று நம்பிவிட முடியாது. அதன் மாவுச்சத்தை எச்சிலிலுள்ள நொதி கரைத்துவிடும். ஊட்டிய ஸ்பூனையே மறுபடி மறுபடி கிண்ணத்தில் முக்கினால், கிண்ணத்தில் இருப்பதும் நீர்த்துப்போகும். சாந்தன் கோந்து கலந்த மாவுகளுக்கு அந்தக் கோளாறு இல்லை.

நுரையீரலைக் கெடுப்பது தண்ணீரா, தண்ணீரோடு போகும் கிருமியா? லாங்மோர் 1998-இல் 189 முதியவர்களின் விவரங்களை அலசி வெளியிட்ட கட்டுரை இந்தக் கேள்வியைத் திருப்பிப்போட்டது. நிமோனியாவை முன்கூட்டிச் சொன்ன காரணிகள்: பிறர் ஊட்டிவிட வேண்டிய நிலை, பல் துலக்கவும் பிறரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை, குழாய் வழி உணவு, புகைபிடித்தல், பல நோய்கள், பல மருந்துகள். விழுங்குதல் கோளாறு மட்டும் தனியாக இருந்தால் பெரும்பாலும் நிமோனியாவுக்குப் போதவில்லை. அதோடு அழுக்கு வாயும் பலவீனமும் சேர வேண்டியிருந்தது.

இதை நேரடியாகச் சோதித்தவர்கள் ஜப்பானியர்கள். யோனெயாமாவும் சகாக்களும் 11 முதியோர் இல்லங்களில், ஒரு சாராருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஊழியர்களைக்கொண்டு பல் துலக்கிவிட்டார்கள். வாரம் ஒரு முறை பல் மருத்துவத் துறையினரும் வந்து கவனித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் நிமோனியா வந்தவர்கள், வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 சதவீதம், பல் துலக்கப்பட்டவர்களில் 11 சதவீதம். பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது. நாக்கிலும் ஈறிலும் பல்செட்டிலும் கிருமி வளரத்தானே செய்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 36 இல்லங்களில் இதையொத்த ஒரு முறையைச் செய்துபார்த்த ஆய்வு பலன் காணாமல் பாதியில் நிறுத்தப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். எனவே இது சர்வரோக நிவாரணி இல்லை. இருந்தாலும், ஒரு பிரஷ்ஷின் விலையில் வரும் சிகிச்சை, பக்க விளைவு ஒன்றுமில்லை. முயலாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. நம் ஊரில் படுக்கையில் கிடக்கும் முதியவரை வேளைக்குக் குளிப்பாட்டி, துணி மாற்றி, பவுடர் போடும் வீடுகளில்கூட வாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் லூயிவில் நகரத்து ஃப்ரேசியர் மறுவாழ்வு மையம் 1984 முதல் கடைப்பிடிக்கும் முறை இதே தர்க்கத்தில் நிற்கிறது. கெட்டிப் பானம் பரிந்துரைக்கப்பட்டவரும் வாயை நன்றாகச் சுத்தம் செய்தபின், சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் வெறும் தண்ணீர் குடிக்கலாம். சுத்தமான வாயிலிருந்து இறங்கும் சிறிதளவு தண்ணீரை நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும். பாலோ சாறோ அப்படியல்ல. யாருக்கு இது பொருந்தும் என்பதை மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது, கரைந்த பலத்தைத் திரும்பக் கட்டுவது. தொண்டைக்கு உடற்பயிற்சியா என்று ஒரு காலத்தில் சிரித்திருப்பார்கள். ராபின்ஸ் 2005-இல், 70 முதல் 89 வயதுவரையுள்ளவர்களை எட்டு வாரம் நாக்கால் ஒரு சிறு பல்பை அழுத்தவைத்தார். நாக்கின் பலம் கூடியது. ரெசா ஷேக்கர் என்ற மருத்துவர் வகுத்த பயிற்சி இன்னும் எளிது. மல்லாந்து படுத்து, தோள் எழும்பாமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரல்களைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் பிடித்து ஒரு நிமிடம் ஓய்வு என மூன்று முறை. பிறகு 30 முறை தூக்கி இறக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, ஆறு வாரம். நாவடி எலும்பை முன்னிழுக்கும் தசைகள் வலுப்பட்டு, உணவுக்குழாய் வாசல் அகலத் திறக்கிறது. குழாய் வழியே உணவு பெற்றுவந்த 27 பேரிடம் அவர் நடத்திய ஆய்வில், பயிற்சி செய்தவர்கள் மீண்டும் வாயால் சாப்பிடத் தொடங்கினார்கள். கழுத்து எலும்பில் தேய்மானம் உள்ளவர்களுக்கு இது கஷ்டம். சிங்கப்பூரில் 2014-இல் ஒரு மாற்று வந்தது: உட்கார்ந்தபடி மோவாய்க்கடியில் சிறு ரப்பர் பந்தை வைத்து அழுத்துவது. பலன் ஏறக்குறைய அதே, சிரமம் குறைவு. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு, தடையுள்ள குழலுக்குள் பலமாக ஊதவைக்கும் பயிற்சி இருமலையும் விழுங்கலையும் ஓரளவு மீட்கிறது. கழுத்தில் மின்தூண்டல் தரும் கருவிகளுக்கு விளம்பரம் அதிகம். ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

உணவுக்குழாய் வாசல் திறக்க மறுத்தால் அதைப் பலூனால் விரிக்கவோ தசையை வெட்டிவிடவோ அறுவை மருத்துவர்களால் முடியும். செயலிழந்த குரல் நாணை ஊசி மூலம் நடுவே நகர்த்தவும் முடியும். சரியான ஆளுக்குச் செய்தால் நல்ல பலன்.

செண்டாய் நகரத்துத் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் நடந்தது நமக்குச் சுவையானது. மிளகு எண்ணெயின் வாசனையை முதியவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் முகரக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில், விழுங்கு கட்டளை பிறக்க ஆகும் நேரம் குறைந்ததை 2006-இல் வெளியிட்டார்கள். இருமலையும் விழுங்கலையும் தூண்டும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேதிப்பொருளும் ரத்தத்தில் கூடியிருந்தது. மிளகாயின் காரச்சத்தும் இதே வேலையைச் செய்வதை அவர்களே காட்டினார்கள். உடனே மிளகு ரசம்தான் மருந்து என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். அவர்கள் கொடுத்தது வாசனையை.

ரசம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். உடம்பு சரியில்லாத பெரியவருக்கு நாம் முதலில் கொடுப்பது ரசம் சாதம். விழுங்குதல் கோளாறு உள்ளவருக்கு அது கடினமான உணவு. ஓடும் நீரும் பருக்கையும் ஒரே வாயில் இரண்டு வேகத்தில் போகின்றன. பருக்கையை மெல்லும்போதே ரசம் தொண்டைக்குள் இறங்கிவிடும். பருப்பும் நெய்யும் விட்டுக் கூழாகப் பிசைந்த சாதம் ஒரே பதமாக இறங்கும். தண்ணீரோடு போடும் மாத்திரைக்கும் இதே சிக்கல்தான். பொடித்துக் கொடுக்கும் முன் மருந்தாளுநரைக் கேளுங்கள்; சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கமும் முதுமைக்கு ஆகாது. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுப்பாதை அகலத் திறக்கும், குரல்வளை ஏறி மூடுவது சிரமமாகும். டம்ளரை வாயில் வைத்து, தலை நிமிராமல், சிறு சிறு மடக்காகக் குடிக்க வேண்டும். படுத்திருப்பவர் வாயில் பாலை ஊற்றவே கூடாது. நேராக உட்காரவைத்து ஊட்டி, அதன்பின் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கவிட வேண்டும். பேச்சும் டிவியும் சாப்பாட்டுக்குப் பிறகு.

ஏதாவது அடைத்து, பேசவோ இருமவோ முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் தலையில் தட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலே அழுத்த வேண்டும். மாறி மாறிச் செய்துகொண்டே 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். இருமிக்கொண்டிருப்பவரை இருமவிடுவதே சரி.

குழாயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பக்கவாதத்தின் முதல் வாரங்களில் மூக்குக் குழாய் உயிர் காக்கும். வயிற்றில் துளையிட்டுப் பொருத்தும் பெக் குழாயை 1979-இல் கிளீவ்லாந்தில் மைக்கேல் காடரரும் ஜெஃப்ரி பான்ஸ்கியும் குழந்தைகளுக்காகத்தான் கொண்டுவந்தார்கள். அது பின்னாளில் முற்றிய மறதிநோயாளிகளுக்குப் பரவலாகப் பொருத்தப்பட்டது. ஆயுளையும் அது நீட்டவில்லை, நிமோனியாவையும் தடுக்கவில்லை; எச்சில் எப்படியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த நிலையில் குழாய் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள் என்றே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. வேண்டிய அளவு ஊட்ட முடியாமல் போகலாம். பட்டினிபோட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்ச்சி குடும்பத்தை அலைக்கழிக்கும். அதைப் பேசித் தெளியவைப்பதும் மருத்துவரின் வேலையே.

ஜப்பானில் 1989-இல் '8020' என்றொரு இயக்கம் தொடங்கினார்கள்: 80 வயதில் 20 சொந்தப் பற்கள். தொடங்கியபோது அது எட்டாத கனவு. 2016-இல் அந்த வயதினரில் பாதிக்கு மேற்பட்டோர் அதை எட்டிவிட்டதாக அரசுக் கணக்கெடுப்பு காட்டியது. வாயைப் பொதுச் சுகாதார விஷயமாக நினைத்ததால் வந்தது அது. தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருபவர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். சாப்பிடும்போது இருமுகிறாரா, எவ்வளவு நேரம் ஆகிறது, எடை குறைந்ததா என்ற மூன்று கேள்விகளையும் அவர்கள் படிவத்தில் சேர்க்க அரசு முன்வர வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவரை மருத்துவமனையிலிருந்து அழைத்துவரும்போது, டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும் முன், "இவரால் பத்திரமாக விழுங்க முடிகிறதா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துவிட்டாரா?" என்று கேளுங்கள்.